அவனுக்குள் ஓர் இடம்

மூடி போட்ட காலி வெள்ளை டப்பாவை ஆய்வகக்காரி நீட்டியதும், எங்கே நாத்தனார் கை முந்திவிடுமோ என்று அவள் வெடுக்கென்று வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அதுல நகை ஒண்ணும் இல்ல."

"உனக்கென்னம்மா, நீ மஜ்ஜையே குடுத்த மகராசி."

நாலு மாதமாக வீட்டில் அதே பேச்சுதான். அண்ணனுக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்த தங்கை! அவள் புருஷனின் ரத்தப் பிரிவுகூடத் தங்கையுடையதாகவே மாறிவிட்டது. "இப்ப எனக்குள்ள ஓடுறது தங்கச்சி ரத்தம்டா" என்று வெல்டிங் பட்டறை ஆட்களிடம் அவன் போனில் பெருமையடிக்கும்போதெல்லாம், பதினேழு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பிறகு தங்கையின் அணுக்களே அவன் குடலை அந்நியம் என்று தாக்கத் தொடங்கின. நாளுக்குப் பதினைந்து முறை, ரத்தமாகப் போனது. டாக்டர் அதை விளக்கியபோது அவள் நெஞ்சின் மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவளே பார்த்துவிட்டாள்.

"மருந்துங்க அவர் குடல்ல இருந்த நல்ல கிருமிகளையும் கொன்னுடுச்சு. ஆரோக்கியமானவங்க மலத்துலேர்ந்து எடுத்து உள்ள விட்டுப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

சோதனையில் அவளும் நாத்தனாரும் தேறினார்கள். நான்தான் கொடுப்பேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதுண்டா என்று படிவம் கேட்டது. கடைவாய்ப்பல் பிடுங்கியபோது ஐந்து நாள் விழுங்கியிருந்தாள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. பல்லுக்குச் சாப்பிட்டது வயிற்றை என்ன செய்யும்? 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

டப்பாவோடு அவனை ஒரு எட்டுப் பார்க்கப் போனாள். தலையணையில் தலை இருப்பதே தெரியவில்லை.

"உன்னோடதா? அப்ப கண்டிப்பாப் பிடிச்சுக்கும்" என்றான். "இனிமே உள்ள இருந்தும் நீதான் அதட்டப் போற."

நாலு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. சிரித்துவிட்டு வெளியே வந்தவளுக்குக் கழிப்பறைப் பக்கம் கால் போகவில்லை. ஆய்வகத்துக்கே திரும்பினாள்.

"ஏங்க, பல்லுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் வயித்துக்கும் போகுமா?"

"பின்ன, பல்லோடயே நின்னுடுமா?" ஆய்வகக்காரி நிமிர்ந்தாள். "எப்ப சாப்பிட்டீங்க?"

சொன்னாள்.

"ஏன் எழுதல? உங்க குடல்லயே நல்ல கிருமி பாதி செத்திருக்கும். அதை வாங்கி அவருக்கு என்ன பண்றது?"

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இந்தா" என்று இவள் நீட்டிய டப்பாவை விரல்கள் விடவில்லை. நாத்தனார் மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணி, வாசல்லயேவா நிக்கிறீங்க? ஆள் நின்னா எனக்கு வராது."

"தள்ளிப் போறேன். இது போதுமா?"

"ஐயோ, பேசாதீங்களேன்!"

நடைபாதைக் கோடியில் யாரோ ஒருத்தி அவசரமாக வந்தாள். இவள் இரண்டு கைகளையும் சுவருக்குச் சுவர் விரித்து, வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.