என் பேர்ல ஒரு சாவி

“எனக்கு என் பேர்ல ஒரு சாவி வேணும்.”

காலைக் கூட்டத்தில் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று மேனேஜர் போட்ட விதி அது. அவள் இதைச் சொன்னதும் நின்றவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள், மீதிப் பேர் போனைப் பார்த்தார்கள். டெஸ்டர் அக்கா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்காதான் காதோடு சொல்லி வைத்தாள்: “லீவு கேளு, சம்பளம் கேளு, ஏசியக் குறைக்கச் சொல்லிக் கேளு. சாவி மட்டும் கேட்டுடாதே. கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல.”

மேனேஜர் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். “இருக்கிற சாவியில வேலை நடக்குதுல்ல?”

“நடக்குது சார். நான் செய்யறதெல்லாம் உங்க பேர்ல நடக்குது.”

“அதனால உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“பேருதான் குறைஞ்சுபோச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அதை இருமலாக மாற்றினார்கள்.

“கத்துக்கற வயசுல பேரு என்னம்மா பேரு? எல்லாம் ஒரே கையில இருந்தாத்தான் பத்திரம். பதினொண்ணரைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஆடிட்டர் மேடம் வர்றாங்க. இன்னிக்கு இந்தப் பேச்சு வேணாம்.” கோப்பையை எடுத்துக்கொண்டார். “என்னிக்குமே வேணாம்.”

அந்த ஆபீசில் சாவி என்றால் இரும்பில் அடித்த சாவி இல்லை. தலையும் வாலும் புரியாத ஒரு நீளமான எழுத்துக்கோவை. எங்கோ கண்காணாத இடத்தில் க்ளவுட் என்ற பேரில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே ஆட்டிவைக்க அதுதான் அனுமதி. பதினோரு ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அந்த வழியாகத்தான் டாக்டர்களின் போனுக்கும் நோயாளிகளின் போனுக்கும் போயின. லேபில் ஒரு முடிவை ஏற்றியதும் ஃபங்ஷன் என்கிற குட்டி நிரல் ஒன்று விழித்துக்கொள்ளும், அதைச் சரிபார்க்கும், அடுத்ததைத் தட்டி எழுப்பிவிட்டுத் தான் படுத்துக்கொள்ளும். அடுத்தது செய்தியை அனுப்பிவிட்டுப் படுக்கும். வேலை இல்லாத நேரத்தில் எதுவும் விழித்திருக்காது. இப்படி நாற்பத்தேழு ஃபங்ஷன்கள்.

நாற்பத்தேழுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே சாவி, மேனேஜர் பேரில். ஒன்பது பேரும் அதைத்தான் பகிர்ந்துகொண்டார்கள். க்ளவுடின் பதிவேட்டில் யார் எதைத் தொட்டாலும் மேனேஜர் தொட்டதாகத்தான் எழுதப்படும். வருடக் கடைசியில் பெரிய முதலாளிகள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய மனுஷர் இப்படி உழைக்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோவார்கள்.

மற்றவர்கள் க்ளவுடின் வலைப்பக்கத்தைத் திறந்து மவுசால் வேலை பார்த்தார்கள். அதில் மன்னர் க்ளிக் சார். ஏழு வருட அனுபவம், மணிக்கட்டுக்குக் கீழே மெத்தை. அவள் வலைப்பக்கத்தின் பக்கமே போகமாட்டாள். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டுவாள். “பேய்ப் படம் ஓடுதா?” என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் பெயரே கறுப்புத்திரை என்று ஆகிவிட்டது.

தினமும் காலையில் அவள் தட்டுகிற முதல் கட்டளை, நான் யார் என்று கேட்பது. எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று தெரியாமல் கை வைத்தால் விபரீதம் என்பதால் வந்த பழக்கம். இரண்டு வருடமாகத் திரை சொன்ன பதில் ஒன்றுதான்: மேனேஜரின் பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை இதை அம்மாவிடம் போனில் சொல்லிப் பொருமினாள். அம்மா ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். இருபது இருபதாகக் கட்டி, தைத்தவளின் நம்பர் போட்ட சீட்டைக் கோத்துத்தான் கட்டை அடுத்த மிஷினுக்கு அனுப்புவார்கள்.

“கோணலாத் தைச்சா என் நம்பரைச் சொல்லித்தான்டி திட்டுவாங்க,” என்றாள் அம்மா. “நேராத் தைச்சாலும் அது என் நம்பர்தான். நீ பதினாறு வருஷம் படிச்சிட்டு, ஏசி ரூம்ல உட்கார்ந்து, சீட்டு இல்லாம தைக்கிறியா?”

அம்மாவுக்கு க்ளவுடும் தெரியாது, ஃபங்ஷனும் தெரியாது. விஷயம் மட்டும் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வி நான்கு நாளாக அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்று காலை கேட்டுவிட்டாள். கேட்டு, மூக்குடைபட்டு, தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள்.

பதினொன்று பத்துக்கு வரவேற்பில் இருந்த பெண் ஓடி வந்தாள். “மூணு ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரே நேரத்துல போன். யாருக்கும் ரிசல்ட் வரலையாம். ஆபரேஷன் டேபிள்ல ஒருத்தரைப் படுக்க வெச்சிட்டுக் காத்திருக்காங்களாம்!”

அவள் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி தட்டினாள். ஃபங்ஷன்களைப் பட்டியல் போடு. பட்டியல் வந்தது. காலியாக வந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் காலி. நாற்பத்தேழில் ஒன்றுகூட இல்லை.

“ஃபங்ஷன் எதுவும் இல்ல,” என்றாள் சத்தமாக. “எல்லாத்தையும் யாரோ அழிச்சிருக்காங்க.”

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக அவளிடம் வந்தார்.

“காலைல சாவி கேட்டு மல்லுக்கு நின்ன. குடுக்கலைன்னதும் கோவத்துல என்ன பண்ணி வெச்சே?”

எட்டு ஜோடிக் கண்கள் அவள் மேல். அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்தது. இது ஒட்டிக்கொண்டால் போவது இந்த வேலை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி முடிவுகளை அழித்தவள் என்று பேர் விழுந்தவளை எவன் உள்ளே விடுவான்? அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். அந்தப் படி ஏறியது இதற்குத்தானா?

வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். “சார், திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். டேபிள்ல ஆள் படுத்திருக்கு. நகருங்க.”

மேனேஜரிடம் நகருங்க என்று அந்த ஆபீசில் யாரும் சொன்னதில்லை. அவர் நகர்ந்தார்.

எட்டு மாதமாக அவள் ஒரு வேலை செய்துவந்தாள். ஒவ்வொரு ஃபங்ஷனும் எப்படிக் கட்டப்பட்டது, எவ்வளவு நினைவகம், எத்தனை வினாடிக் கெடு, எதைக் கண்டால் விழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கட்டளைகளாக ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்தாள். “காவியம் எழுதவா சம்பளம் குடுக்கறோம்?” என்று மேனேஜர் ஒருமுறை கேட்டிருக்கிறார். “மவுசால ரெண்டு தட்டு தட்டினா ஆச்சு” என்று க்ளிக் சார் சிரித்திருக்கிறார்.

அந்த ஃபோல்டரைத் திறந்தாள். நான் யார் என்று கேட்டாள். மேனேஜர், என்றது திரை. சரி, இன்னும் ஒரே ஒரு தடவை. கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினாள்.

வரிகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று எழுந்தது. இரண்டு எழுந்தது. டெஸ்டர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒவ்வொண்ணா உசுரு வருதுடி,” என்றாள் கிசுகிசுப்பாக. முடிய ஆறு நிமிடம் ஆகும். ஓடுகிற வரிகளை வெறித்துப் பார்ப்பதால் அவை வேகமாக ஓடிவிடாது. அவள் ஓரத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, மூன்று வரி எதையோ தட்டி, மூடி வைத்தாள்.

நாற்பத்தேழும் எழுந்தன. அழிந்தது ஃபங்ஷன்கள்தான், லேபில் ஏற்றிய முடிவுகள் வரிசையில் அப்படியே நின்றன. மொத்தம் அறுநூற்று முப்பத்தெட்டு. வரிசையைத் திறந்துவிட்டாள். அறுநூறு, ஐந்நூற்று எண்பது, ஐந்நூற்று இருபது. பிறகு நின்றது.

“என்னாச்சு?” என்றார் மேனேஜர்.

அவள் பதிவுகளைப் படித்தாள். பெரிய கோப்புகள் பாதி வழியில் கெடு முடிந்து விழுந்துகொண்டிருந்தன. முப்பது வினாடி கொடுத்திருந்தாள். போன மாதம் வரை அது போதுமாக இருந்தது. இன்று காலை வரை இவை ஓடியிருக்கின்றன என்றால் யாரோ கெடுவைக் கூட்டியிருக்க வேண்டும்.

“இதோட கெடுவை யார் மாத்தினது?”

பின்னாலிருந்து க்ளிக் சார் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “தொண்ணூறும்மா. செவ்வாய்க்கிழமை நான்தான் மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல.”

தொண்ணூறு என்று ஃபோல்டரில் திருத்தினாள், ஒரு கட்டளை தட்டினாள். எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. நானூறு, இருநூறு, நாற்பது, ஒன்பது, பூஜ்யம். வரவேற்புப் பெண் அங்கிருந்தே கத்தினாள்: “வந்துடுச்சாம்! எல்லாருக்கும் வந்துடுச்சாம்! ஆபரேஷன் ஆரம்பிச்சுட்டாங்களாம்!” யாரோ கைதட்டினார்கள். டெஸ்டர் அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். சந்தோஷம் வந்தால் அக்காவுக்கு அடிக்கத்தான் தெரியும்.

அப்போதுதான் கவனித்தார்கள். நரைத்த கிராப்புத் தலையும் தோளில் கனத்த பையுமாக ஆடிட்டர் மேடம் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“யார் அழிச்சது?” என்றார்.

“விசாரிச்சுட்டிருக்கோம் மேடம்,” மேனேஜர் குழைந்தார். “ஒரு ஜூனியர் பொண்ணு, காலைல கொஞ்சம் கோவமா...”

“விசாரிக்கவே வேணாம்,” என்றாள் அவள். “ஒரு வரி போதும்.”

தட்டினாள். பதிவேடு விரிந்தது. மணி, செய்தவர், செய்தது, எதன் வழியாகச் செய்தது. பதினொன்று நான்கிலிருந்து நாற்பத்தேழு அழிப்புகள். செய்தவர் என்ற இடத்தில் நாற்பத்தேழு முறையும் மேனேஜரின் பெயர்.

ஆடிட்டர் மேடம் மேனேஜரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “மேடம், அது நான் இல்ல, அது என் பேர்ல எல்லாரும்...”

“எல்லாருமா?”

“ஆமா மேடம், ஒன்பது பேருக்கும் ஒரே சாவி,” என்றாள் அவள். “அதனால பேரை விட்டுட்டுக் கடைசிக் கட்டத்தைப் பாருங்க. பிரவுசர் வழியான்னு இருக்கு. கட்டளை வழியா வந்திருந்தா வேற மாதிரி எழுதியிருக்கும். இந்த ஆபீஸ்ல பிரவுசரைத் தொடாத ஒரே ஆள் நான். சந்தேகம்னா இவங்களையே கேளுங்க, எனக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு.”

“கறுப்புத்திரை,” என்றாள் டெஸ்டர் அக்கா பட்டென்று. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

க்ளிக் சார் தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “நான்தான் மேடம். நீங்க வர்றதுக்கு முன்னாடி பழைய டெஸ்ட் ஃபங்ஷன்களைச் சுத்தம் பண்ணலாம்னு பார்த்தேன். டெஸ்டும் நிஜமும் ரெண்டு டேப்ல இருந்துச்சு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேல ஒரு டிக் போட்டா கீழ அத்தனையும் சேர்ந்துக்கும். நிச்சயமா அழிக்கணுமான்னு அது கேட்டுச்சு. பழகின கை, படிக்காமலே ஆமான்னுடுச்சு.” அவளைப் பார்க்காமல் சொன்னார்: “அவரு உன்னைக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலம்மா.”

அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கை தவறுவது மனுஷனுக்கு நடப்பதுதான். விசாரிக்காமலே அவளை நோக்கி நடந்து வந்த அந்தக் கால்கள்தான் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆடிட்டர் மேடம் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். “இன்னிக்கே இந்தப் பொதுச் சாவியை மூடணும். ஆளுக்கொரு சாவி இருக்கணும். நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்.”

மேனேஜர் அவள் பக்கம் திரும்பி அத்தனை பல்லையும் காட்டினார். “அதான் மேடம், நானே சொல்லணும்னு இருந்தேன். இந்தப் பொண்ணு நம்ம சொத்து. முதல் சாவி இவளுக்குத்தான். குழுவுக்கே லீடா போட்டுடறேன். எப்படிம்மா உருவாக்கறது? எங்க க்ளிக் பண்ணணும்?”

“எங்கயும் க்ளிக் பண்ண வேணாம். ஒரே வரி சார். எப்ப வேணும்னாலும் நானே போட்டுக்கிட்டிருக்கலாம். திருடக் கூடாது, கேட்டுத்தான் வாங்கணும்னு இருந்தேன்.”

ஒன்பது பெயர்களை வரிசையாக எழுதி, ஒரு கட்டளை தட்டினாள். ஒன்பது சாவிகள். டெஸ்டர் அக்கா தன்னுடையதை வாங்கி, திரையில் தன் பெயரைப் பார்த்து, “அட, எழுத்துப்பிழைகூட இல்ல!” என்று ஊருக்கே கேட்கிறமாதிரி சிரித்தாள்.

அவள் தன் சாவியைப் போட்டுக்கொண்டாள். நான் யார் என்று கேட்டாள்.

திரை அவள் பெயரைச் சொன்னது. முழுப் பெயர். பள்ளிச் சான்றிதழில் அம்மா பெருவிரல் ரேகை வைத்துப் பதிந்துவைத்த அதே பெயர்.

தன் பேரில் முதல் கட்டளை: பொதுச் சாவியை மூடு. மூடியது. பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. எந்த முதலாளி எப்போது புரட்டினாலும் இருக்கும்.

“அக்கா,” என்றாள். “ஃபோல்டர் பொது இடத்துல இருக்கு. எதைத் தட்டினா எது எழும்னு எல்லாம் எழுதியிருக்கேன். உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. க்ளிக் சாருக்கும் கத்துக்குடுங்க, மவுசைப் பிடுங்கிட்டு.”

“ஏன்டி, நீ எங்க போற?”

ஆறு நிமிடம் வரிகள் ஓடியபோது எழுதி மூடிவைத்த மூன்று வரி ராஜினாமாக் கடிதத்தைத் திறந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் மேனேஜருக்கு அனுப்பினாள். அவர் பையில் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தவரின் பல் உள்ளே போனது.

“இப்பத்தானே லீடா போட்டேன்!”

“சார், நான் இதை எழுதினது பதினொண்ணு இருபதுக்கு. நீங்க லீடா போட்டது அதுக்கப்புறம்.”

தன் பேரில் இரண்டாவது கட்டளை: என் சாவியை நீக்கு. நீக்கியது. சும்மா ஒரு ஆசைக்கு, நான் யார் என்று கடைசியாக ஒருதரம் கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றது திரை.

“அது உனக்குத் தெரிஞ்சா போதாது, சாருக்கும் தெரியணும்,” என்று திரையிடம் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடி மேனேஜர் கையில் கொடுத்தாள். தோளில் பையை மாட்டிக்கொண்டாள். ஆடிட்டர் மேடம் ஏதோ கேட்க எழுந்தார். அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நான்கு மாடியையும் படியில் இறங்கினாள், இரண்டிரண்டு படியாக. அம்மாவுக்குச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். போனை எடுத்துக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி வெயிலுக்குள் இறங்கினாள்.