வாழைக்கன்று – இரண்டு எண்ணம்

பத்தொன்பது வருஷமாக மெஷினுக்கு வழி சொல்லிப் பிழைக்கிறவன் நான். வெட்டுகிற டூல் எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும், எந்த இடத்தில் விலகி வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாதை போட்டுக் கொடுப்பது என் வேலை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இதற்குப் புரோகிராமர் என்று பெயர். நூம்பலில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஃப்ளாட்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கஜபதி சார் ஐ.டி.யில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் வைக்கிறார்கள். வருகிற மரியாதையை நான் எதற்குத் தடுக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியின் பெருமையே ஒரு ஐந்து அச்சு மெஷின்தான். சாதாரண மெஷினில் டூல் மூன்று திசையில் நகரும், அவ்வளவுதான். இதில் பொருளை வைக்கிற மேடையும் சாயும், சுழலும். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரை, முறுக்கிக்கொண்டிருக்கும் அதன் இறக்கைகளோடு சேர்த்து, இதில்தான் செதுக்க முடியும். ஒரு கோணம் பிசகினால் டூல் போய் மேடையில் இடிக்கும். மெஷின் வந்து ஏழு வருஷத்தில் என் புரோகிராமில் ஒருமுறைகூட இடித்ததில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடித்தால்தான் மற்றவர்கள் பேசுவார்கள்.

போன வருஷம் ஆவணியில், நான் பாதை போடுகிற சாஃப்ட்வேரின் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய ஓட்டலில் புது வெர்ஷன் வெளியிட்டார்கள். எங்கள் முதலாளி வீரராகவன் என்னையும் அழைத்துப் போனார். மேடையில் புகை விட்டார்கள், வயலின் வாசித்தார்கள், பிறகு புது வசதிகளைச் சொன்னார்கள். ஒரே பட்டனை அழுத்தினால் பாதை முழுக்கத் தானே போட்டுக்கொள்ளுமாம். வழியில் எது இருந்தாலும் டூல் தானே சாய்ந்து தப்பித்துக்கொள்ளுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக டிஜிட்டல் ட்வின். மெஷினின் உட்புறத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் அப்படியே இன்னொரு மெஷின் செய்து வைப்பார்கள். நிஜ மெஷினுக்குள் ஒரு கேமரா இருக்கும். உள்ளே இருப்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் மெஷின் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. பன்னீர் டிக்காவைக் குத்தியபடி வீரராகவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திரும்பும்போது காரில் சொன்னார். “இனிமே ஒரு பட்டன்தான் கஜபதி. பொங்கல் வரைக்கும் இரு. அப்புறம் பேசிக்கலாம்.”

பேசிக்கலாம் என்றால் எஸ்டேட்டில் என்ன அர்த்தம் என்று டீக்கடைக்காரருக்கே தெரியும். எனக்கு நாற்பத்தேழு வயது. பெண் வர்ஷா காலேஜ் இரண்டாம் வருஷம். இந்த வயதில் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு போனால் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டான்.

ஸ்கேன் செய்ய விஷால் என்கிற இளம் இன்ஜினியரை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆறு மணி நேரம் மெஷின் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எங்கள் மெஷின் மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது. தீபாவளிக்கு நிற்காது, தேர்தலுக்கு நிற்காது, வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் ஓடியது. அது நிற்கிற நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்று. வீரராகவன் காலண்டரைப் புரட்டக்கூட இல்லை, ஆயுத பூஜை அன்று வரச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகியிருந்தது. மெஷின் கதவுக்கு வெளியே வாழைக்கன்று கட்டினால் ஃபோர்க்லிஃப்ட் போக வழியில்லை என்று, ஆபரேட்டர் வேம்புலி கதவை ஒட்டி மெஷினுக்கு உள்ளேயே இரண்டையும் கட்டியிருந்தான். விஷால் வந்தான். கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டான், குங்குமம் இட்டுக்கொண்டான், முக்காலியை விரித்து ஸ்கேனரை ஏற்றினான்.

கன்றுகளை அவிழ்த்துவிட்டு எடுக்கலாமே என்றேன். கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பூஜ போட்ட மெஷின்ல நாளிக்கிக் காலில வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது அண்ணாத்தே,” என்றான் வேம்புலி. “நீயே இப்டி பேசினா எப்டி?”

வீரராகவன் விஷாலைப் பார்த்தார். சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் என்றான் விஷால். அவர் என் பக்கம் திரும்பினார். “மெஷின் எது, வாழமரம் எதுன்னு அதுக்குத் தெரியாதா? அது உன்னவிட புத்திசாலி கஜபதி.”

அதற்குமேல் நான் ஏன் பேசுகிறேன். பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் டிஜிட்டல் ட்வின் வந்தது. திரையில் எங்கள் மெஷின் பளபளவென்று சுழன்றது, உள்ளே இரண்டு பக்கமும் வாழைக்கன்றுகள் இலை பிரிந்து நின்றன. வீரராகவன் அதைப் படம் பிடித்து, ‘இறையருளால் எங்கள் டிஜிட்டல் மெஷின்’ என்று தனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். நூற்றுக்கும் மேலே கும்பிடு வந்தது. இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கார்த்திகை மாதம் பம்பு கம்பெனியிலிருந்து தர அதிகாரி கலைவாணி முதல் இம்பெல்லரைப் பார்வையிட வந்தார். வீரராகவன் பட்டுச் சட்டையில் வந்து, ஒரே பட்டனை ஒரே விரலால் அழுத்தினார். மெஷின் அசையவில்லை. திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. இரண்டு பொருட்களைக் காணவில்லை, மெஷின் பாதுகாப்பாக இல்லை.

விஷால் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து திரையில் நின்ற வாழைக்கன்றுகளைப் பார்த்தான். இந்தச் சோதனையை நிறுத்த முடியாதா என்று கேட்டேன். அதை வெளிநாட்டுத் தலைமை அலுவலகம்தான் நிறுத்த முடியும் என்றான். கலைவாணி கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்த வீரராகவன் வேம்புலியைப் பார்த்தார். வேம்புலி பைக்கை உதைத்தான்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து சாய்த்து வைத்திருந்த வாழை மரங்களை அவன் குலையோடு கொண்டுவந்தான். திரை ஒப்புக்கொள்ளவில்லை, அளவு அதிகம் என்றது. குலையை வெட்டினோம். இலையைக் கழித்தோம். ஐந்தாம் முறை பச்சை விளக்கு எரிந்தது.

என் பழைய புரோகிராமில் அந்த இம்பெல்லர் நாற்பது நிமிஷம். இப்போது டூல் இறக்கையை நோக்கிப் போகும், திடீரென்று நிற்கும், மேடை முழுக்கச் சாய்ந்து கொடுக்கும், டூல் வாழைக்கன்றுக்கு ஒதுங்கி, வலம் வந்து, மறுபக்கமாக இறங்கி ஒரு சீவு சீவிவிட்டு மறுபடியும் வலம் வரும். இரண்டே கால் மணி நேரம் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அளந்து பார்த்தால் இம்பெல்லர் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

எதற்கு வாழை என்று கலைவாணி கேட்டார். வீரராகவன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “அது செட்டப்ல ஒரு பார்ட் மேடம்.”

அந்தம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வாழை இருப்பது பிரச்சினை இல்லை, அது தாளில் இல்லாததுதான் பிரச்சினை. செட்டப் தாளை எடுத்து, மெஷின், டூல், மேடை எல்லாவற்றுக்கும் கீழே ‘வாழைக்கன்று – இரண்டு எண்ணம்’ என்று எழுதி, உயரம் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

“ஓகே ஆன செட்டப்புல ஒரு இலைகூட மாறக் கூடாது சார்,” என்றார். “மாத்தணும்னா மறுபடியும் மொதல்லேர்ந்து அப்ரூவல்.”

விஷால் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினான். அங்கிருந்து பதில் வந்தது. உங்கள் மெஷினில் உள்ள பச்சை உபகரணத்தின் பார்ட் நம்பரைத் தெரிவிக்கவும்.

பொங்கல் முடிந்த மறுநாள் வீரராகவன் கூப்பிட்டனுப்பினார். என் மனைவி கஸ்தூரியிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன், இன்றைக்கு வெறும் கையோடு வருவேன் என்று. அறைக்குள் போனால் அவர் உட்காரச் சொன்னார். புரோகிராமர் வேலை இனிமேல் கம்பெனியில் கிடையாது என்றார். நான் எழுந்தேன். இரு இரு என்றார். தினமும் புதுக் கன்று கொண்டுவந்து, இரண்டு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் நிறுத்தி, இலையைத் திரையோடு ஒப்பிட்டுக் கழித்துவிட ஒரு ஆள் வேண்டும், கோணம் தெரிந்த ஆளாக வேண்டும் என்றார். விசிட்டிங் கார்டை நகர்த்தினார். கஜபதி, டிஜிட்டல் ட்வின் ஒருங்கிணைப்பாளர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து அச்சையும் கனவில்கூடத் திருப்பத் தெரிந்தவன் வாழை கட்டப் போகிறேன். அழுகைகூட வந்தது. சம்பளம் அதே சம்பளம் என்றார் அவர், அழுகை நின்றுவிட்டது. கஸ்தூரியிடம் கார்டைக் காட்டியபோது அவள் கேட்டதும் சம்பளத்தைப் பற்றித்தான். கேட்டுவிட்டு, போய்க் குளித்துவிட்டு வா, சாப்பிடலாம் என்றாள்.

அன்றிலிருந்து விடிந்ததும் குமணன்சாவடி. கன்று வெட்டிக் கொடுக்கிறவர் எனக்காக ஒரே உயரமாகப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார். இரண்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு ஹைவேயில் வந்தால், யார் ஊட்ல கல்யாணம் நைனா என்று கேட்காத ஆட்டோக்காரர் கிடையாது. முதலில் பதில் சொன்னேன். பிறகு ஆமாம் என்று மட்டும் சொன்னேன். ஒருநாள் வேலப்பன்சாவடி சிக்னலில் ஒரு பசு பின்னாலிருந்து அரை இலையைத் தின்றுவிட்டது. அன்றைக்கு மெஷின் ஒன்றரை மணி நேரம் ஓடவில்லை. அதற்கு அறிக்கை எழுதினோம். மூல காரணம், பசு. தடுப்பு நடவடிக்கை, கோணிப்பை. கலைவாணி அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

இப்படியே இந்த வருஷ ஆவணியும் வந்தது. மறுபடி ஓட்டல், மறுபடி புகை, இன்னும் புதிய வெர்ஷன். இந்த முறை பெரிய வசதி, மெஷினுக்குள் இருக்கும் தாவரத்தை சாஃப்ட்வேரே அடையாளம் கண்டு ட்வினிலிருந்து நீக்கிவிடும். உலகத்தில் எந்தத் தொழிற்சாலைக்கு இது தேவை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் புகார்தான் ஒரு வருஷம் கழித்து வசதியாகப் பிறந்து வந்திருந்தது என்பது எனக்கும் முதலாளிக்கும் விஷாலுக்கும்தான் தெரியும். மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், ஆறு மணி நேரம் மெஷின் நிற்க வேண்டும். அது எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புது ட்வின் வந்தால் புது அப்ரூவல் வாங்கிவிடலாம் என்றார் வீரராகவன். “பூஜையோட உன் சிரமமும் முடியுது கஜபதி. அப்புறம் பேசிக்கலாம்.”

அன்று சாயங்காலம் விஷாலுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தப் புது வசதி எப்படி என்று ஆர்வமாகக் கேட்பது போலக் கேட்டேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. “உங்க மெஷின் டேட்டாவ வெச்சுத்தான் சார் பழக்கிருக்காங்க. ரெண்டு வாழைக்கன்னு இருந்தா கண்ணிமைக்கிறதுக்குள்ள தூக்கிரும்.”

ரெண்டுக்கு மேலே இருந்தால் என்றேன்.

“அப்போ மெஷினோட பாகம்னு எடுத்துக்கும். யாரு சார் ரெண்டுக்கு மேல கட்டப் போறாங்க?”

யார் கட்டப் போகிறார்கள் என்று நானும் சிரித்தேன். அவன் டீயோடு ஒரு சமோசாவும் சாப்பிட்டான்.

ஆயுத பூஜை அன்று விடிகாலையில் குமணன்சாவடியில் நான் நாலு கன்று வாங்கினேன். வண்டியில் கட்டவே முடியவில்லை, ஷேர் ஆட்டோவுக்கு முழு வாடகை கொடுத்து வந்தேன். விஷால் வருவதற்குள் பூஜை முடிந்துவிட வேண்டும் என்று அய்யரை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தேன். உட்பக்கமாக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நானே என் கையால் இறுக்கிக் கட்டினேன்.

“இன்னா அண்ணாத்தே, நாலு கட்டிகினு கீறே?” என்றான் வேம்புலி. சாமி காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்றேன். வீரராகவன் வந்தார், பார்த்தார், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். இந்த வருஷம்தான் பூஜை பூஜை மாதிரி இருக்கிறது என்று என் முதுகில் தட்டினார்.

கற்பூரம் அணைந்தபோது விஷால் வந்தான். முக்காலியை விரித்தவன் நிமிர்ந்து, ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணினான். நாலாவதில் விரல் நின்றது. என்னைப் பார்த்தான்.

“சார், அந்தப் பின்னாடி ரெண்ட மட்டும் அவுத்துரலாமா?”

“பூஜ போட்ட மெஷின் தம்பி,” என்றேன். “நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது.”

விஷால் முதலாளியைப் பார்த்தான். அவர் அதானே என்று தலையாட்டி, குங்குமத் தட்டை அவன் பக்கம் நீட்டினார். அவன் நெற்றியில் இட்டுக்கொண்டு ஸ்கேனரைத் திருப்பினான். நான் ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, அந்த ஆறு மணி நேரமும் ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.