பதின்மூன்றாம் பக்கத்தின் ஓரம்

அன்று பிற்பகல் பைண்டிங் கூடத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பதிப்பகத்தின் முதலாளி பிரணபேஷ்தா வாசலை ஒட்டிய ஒரே நாற்காலியில். பைண்டர் இத்ரிஸ் மியான் வெட்டும் மெஷினுக்குக் கீழே, பசைக் கிண்ணத்தோடு சாக்கின் மேல். கதை எழுதிப் படமும் வரைந்த கேயா, கட்டி வைத்திருந்த புத்தகக் கட்டுகளின் மேல். பதிப்பகத்தின் கடிதங்களைக் கவனிக்கும் நான், அலகா, அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டின் மேல். வெளியே காலேஜ் ஸ்ட்ரீட்டில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர்.

இத்ரிஸ் மியான் ஒரு பிரதியை லுங்கியில் துடைத்துக் கேயாவிடம் நீட்டினார். புத்தகம் செய்தவர்கள் முதலில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். கேயா நேராக நடுவில் பிரித்தாள். ஒரு தாளைப் புரட்டினாள். திரும்பவும் பின்னால் புரட்டினாள்.

“திதி, என் பொண்ணு இங்க இருக்கா. நான் எங்க?” என்று என்னிடம் கேட்டாள். திதி என்றால் அக்கா.

அவளுடைய மகள் ஜும்கிக்கு ஆறு வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன் கேயாவின் கணவன் குழந்தையைத் தன் ஊரான ஆசன்சோலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போனை எடுப்பதில்லை. கேயா எழுதிய கடிதங்களெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன. அவற்றை வாங்கி வைத்தது நான்தான். வழக்கு வாய்தாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்குப் படப்புத்தகம் அனுப்பும் வாசிப்பு இயக்கம் ஒன்று வெளியிட்ட பட்டியலில் ஜும்கியின் பள்ளியும் இருப்பதைக் கேயா பார்த்தாள். அந்த இயக்கத்துக்காக அன்றைக்கே தூரிகையை எடுத்தாள். அட்டையில் தன் பெயரைப் போடவில்லை. வேறொரு பெயர் வைத்துக்கொண்டாள்.

மழைவெள்ளத்தில் ஊரெல்லாம் அம்மாவைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. அம்மா வருவது ஒரே படத்தில்தான், புத்தகத்தின் நட்டநடுவில். இடது பக்கம் சிறுமி கையை நீட்டுகிறாள். வலது பக்கம் அம்மா குனிந்து பிடித்துக்கொள்கிறாள். முகத்தைக் குடை மறைத்திருக்கும். அவள் கையில் ஒரு சங்கு வளையல், விரிசல் விட்டு, சிவப்பு நூல் சுற்றியது. கேயாவின் அந்த வளையலைத் தரையில் போட்டு விரிசல் விட வைத்தவள் ஜும்கி. அவளுக்கு மட்டும்தான் புரியும். அதற்கு மேல் வரையக் கேயாவுக்குத் துணிவில்லை. கணவன் வீட்டார் கண்டுகொண்டால் அதுவும் போய்விடும்.

இப்போது என் கையில் இருந்த பிரதியிலும் பார்த்தேன். பதின்மூன்றாம் பக்கத்தில் சிறுமி நிற்கிறாள். நீட்டிய கை மணிக்கட்டோடு தாளின் வெளி ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. தாளைத் திருப்பினால், அதன் முதுகில் அம்மா. அவள் உள்ளங்கையில் நான்கு குட்டி விரல்கள், ஆளே இல்லாமல். எதிரெதிரே நிற்க வேண்டிய இருவரும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாகப் போய்விட்டார்கள்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். கேயாவின் மழை தொடங்க வேண்டிய இடத்தில் வாசிப்பு இயக்கத் தலைவரின் ஆசியுரை, கழுத்தில் சால்வையோடு அவர் படம்.

“ஒரே ஒரு பக்கம்தான் கேயா,” என்றார் பிரணபேஷ்தா. “கடைசி நேரத்துல அனுப்பினாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா? கடைசியில சும்மா கெடந்த பக்கத்த எடுத்துட்டு இத முன்னால வெச்சேன். இருபத்துநாலு இருபத்துநாலாவே இருக்கு.”

“கணக்கு சரியாப் போச்சு, இல்ல?”

“சரியாத்தானே இருக்கு!”

அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவர் போட்டதெல்லாம் பரீட்சை வழிகாட்டிகள். அதில் வரி எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் பாடம் பாடம்தான். ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு கை அறுந்துபோகும் என்பதை அவர் இதுவரை கண்டதில்லை.

“அந்த ஆசீர்வாதத்தப் பின்னட்டையில ஒட்டியிருக்கக் கூடாதா?” என்றாள் கேயா.

“பின்னால போட்டா பெரிய மனுஷங்களுக்கு மூஞ்சி தொங்கிடும்மா,” என்றார் இத்ரிஸ் மியான். அவர் பசையைக் கலக்கத் தொடங்கினார்.

“மறுபடி அடிங்க.”

“நாளைக்குக் காலையில இயக்கத்து வண்டி வருது கேயா. தாளுக்கு எங்க போவேன்? இந்த மழையில எந்த அச்சகம் திறந்திருக்கு? அடுத்த வருஷம் ரெண்டாம் பதிப்புல கண்டிப்பா…”

“அடுத்த வருஷம் அவ ரெண்டாங் கிளாஸ். இது ஒண்ணாங் கிளாஸ் புத்தகம். அடுத்த வருஷம் இது அவ கண்ணுலயே படாது!” விரித்த புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். “நான் என்ன உங்ககிட்ட பரிசா கேட்டேன்? பேரு கேட்டேனா? ஒரு படம். அந்த ஒரே ஒரு படம், பிரணபேஷ்தா.”

அவர் குனிந்து தன் செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

“அவ என்ன நெனைப்பா தெரியுமா? கைய நீட்டினேன், யாரும் புடிக்கலன்னு நெனைப்பா. அதச் சொல்றதுக்கா இவ்வளவு நாள் வரைஞ்சேன்?”

சட்டென்று அந்தத் தாளின் ஓரத்தை முழுக் கையால் பற்றினாள்.

“கிழிக்காதம்மா,” என்று இத்ரிஸ் மியான் எழுந்தார். “நடுவுல பின் அடிச்ச புத்தகம். அதக் கிழிச்சா ஜோடித் தாளும் கழண்டுடும்.”

“கழலட்டும். எல்லாம் கழலட்டும்.”

ஆனால் அவள் இழுக்கவில்லை. பற்றிய கை பற்றியபடியே நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, கையை எடுக்காமலே, புத்தகத்தைச் சாய்த்துத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“திதி. ஜும்கி எப்படித் தாளப் புரட்டுவா, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. கேயா வேலையாக வரும் நாட்களில் ஜும்கி என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மாதிரிப் பிரதிகளைக் கசக்குவாள். மூலையைப் பிடித்துப் புரட்டத் தெரியாது. ஓரத்தின் நடுவில் முழுக் கையையும் போட்டு, கதவைத் திறப்பதுபோலத் திறப்பாள். கேயா கத்துவாள், “கசங்குது பாரு! மெதுவாப் புடி!”

கேயாவின் மடியில் இருந்த புத்தகத்தை நானும் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் முன்பக்கத்தில், சிறுமியின் வெட்டுப்பட்ட மணிக்கட்டின் மேல். மற்ற நான்கு விரல்களும் பின்பக்கத்தில், அம்மாவின் உள்ளங்கையில்.

“புரட்டுற குழந்தையோட கை அங்க வந்துடும்,” என்றாள். “அவ புடிச்சாத்தான். அவளே புடிச்சாத்தான்.”

பிரணபேஷ்தா நாற்காலியில் நிமிர்ந்தார். “பாத்தியா! எல்லாம் நல்லதுக்குத்தான் நடக்குது…”

“வாயைத் திறக்காதீங்க. நான் செஞ்ச புத்தகம் செத்துப் போச்சு. இது எனக்கு மிச்சம் கிடைச்சது.”

மிச்சத்திலும் ஒரு முள் இருந்தது. இயக்கத்தின் விதிமுறை எனக்கு மனப்பாடம்: வகுப்பு ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, தானே புரட்டிக் காட்ட வேண்டும், குழந்தைகள் தொட்டால் கிழிந்துவிடும். ஜும்கி தரையில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்ப்பாள். கையை நீட்டும் சிறுமியை. பிறகு யாரோ ஓர் அம்மாவை.

“கட்டுக்குள்ள ஒரு சீட்டு வெச்சுடலாமே,” என்றார் பிரணபேஷ்தா, தாழ்ந்த குரலில். கட்டோடு வரும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. பையிலிருந்து பதிப்பகத்தின் கடிதத்தாளை எடுத்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, ஆசன்சோல் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு எழுதத் தொடங்கினேன்.

“மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, வணக்கம். எங்கள் புத்தகத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பதின்மூன்றாம் பக்கத்தில் சிறுமியின் கை பாதியில் நிற்கும். தயவுசெய்து அந்தத் தாளை மட்டும் தாங்கள் புரட்ட வேண்டாம். வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தையும், ஒருவர் விடாமல், அதன் ஓரத்தை நடுவில் முழுக் கையால் பிடித்துத் தானே புரட்டட்டும். புரட்டும் முன் சற்று நேரம் பிடித்திருக்கட்டும். தாள் கசங்கினால் பரவாயில்லை.”

கேயா தோளருகே படித்துக்கொண்டிருந்தாள். “வளையலைக் காட்டுங்கன்னு ஒரு வரி போடுங்க திதி.”

போட்டேன். மை காய்வதற்குள் அவளே பேனாவைப் பிடுங்கி, அந்த வரி தெரியாதபடி அடித்தாள்.

“வேணாம். டீச்சர் காட்டுவாங்க. இது எங்கம்மாவோடதுன்னு அவ கத்துவா. டீச்சர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாங்க. அப்புறம் இதுவும் இல்ல.”

“வளையல அவ கவனிக்காமப் போயிட்டா?” என்றேன்.

“போயிட்டா…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். பேனாவை என்னிடம் நீட்டி, “‘ஒருவர் விடாமல்’ங்கறதுக்கு அடியில கோடு போடுங்க,” என்றாள்.

அடித்தல் இல்லாமல் வேறு தாளில் எழுதி, கோடு போட்டேன். பிரணபேஷ்தா எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார். இத்ரிஸ் மியான் பசைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். உறையை ஒட்டினேன், கேயா உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டிருந்தாள், பசை காய்ந்த பிறகும்.

தபால் நிலையத்துக்குத் தண்ணீரில் நடந்து போனோம். உறையை அவள் ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். கதவைச் சாத்தப் போன குமாஸ்தா எங்கள் நனைந்த சேலைகளைப் பார்த்தார்.

“நாளைக்கு வந்தா ஆகாதா?”

“ஆகாது,” என்றாள் கேயா.

“உள்ள என்ன?”

“பிழைதிருத்தம்,” என்றேன்.

“அதுக்கா இந்த வெள்ளத்துல வந்தீங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் எறிந்தார்.