நாலேகால் கதவு

இருந்தவர்கள்: கோல் காக்கும் யெர்தாய். கேப்டன் குளுஷ்கோவ். ஷைமெர்தெனோவ் அண்ணன் தம்பி இருவர். விரல் எலும்பு விலகிய வால்டெர். போன மாதமே விளையாட்டை விட்டுவிட்டதாகச் சொன்ன இரண்டு பேர். மொத்தம் ஏழு. சட்டை துவைக்கும் ஃபிரீடா அக்காவையும், பனித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னையும் லீக் ஆளாகச் சேர்க்காது.

எட்டுப் பேர் இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. எதிரணிக்கு ஐந்து, எங்களுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் கிளப்பைக் கலைக்கிறார்கள். ஆக, எங்கள் அணியைப் பற்றிய கடைசி வரி அதுவாகத்தான் இருக்கும்: வரவில்லை.

ஈய உருக்காலைத் தொழிலாளிகள் ஐம்பத்தெட்டில் ஆற்றுப் பனிமேல் தொடங்கிய ஐஸ் ஹாக்கி அணி. கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஒருமுறை பதினேழு கோல் வாங்கியிருக்கிறோம். தொண்ணூற்றைந்தில் ஊரில் மின்சாரம் இல்லை. மறுபடி ஆற்றுக்கே போய் நண்பகலில் ஆடினார்கள். அந்த வருடம் சம்பளமாக வந்தது சர்க்கரை மூட்டை. ஆனால் ஒருநாள்கூட ஆள் இல்லாமல் போனதில்லை. சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஐந்து மணி ஆட்டம் என்றால், உடைமாற்றும் அறையை நாலேகாலுக்கு வெளியிலிருந்து பூட்டிவிடுவோம். களத்துக்குப் போகும்போதுதான் திறப்பது. வெளியே நிற்பவன் வெளியேதான். சாவி பனித்தளக்காரனிடம் இருக்கும். பத்தொன்பது வயதில் ஒரு நிமிடம் பிந்தி வந்து அந்தக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மட்டையை அங்கேயே சாத்திவிட்டுப் போனவன், பிறகு அதைத் தொடவில்லை. இப்போது இரவெல்லாம் குளிரூட்டும் இயந்திரங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பூட்டுகிறேன். யாருக்கும் ஒரு நிமிடம் தந்ததில்லை.

அன்றும் ஐந்து மணி ஆட்டம். நாலுக்குச் சாலையைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஒல்ஷாஸ் பெரிய பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்களில் ஓரளவு ஆடத் தெரிந்தவன். தலைநகர அணி எடுத்துக்கொண்டது. அவன் பேருந்தும் நாலேகாலுக்குத்தான்.

"என்னண்ணே, வழியனுப்ப வந்தியா? பூ எங்க?"

"ஏழு பேர் இருக்காங்க."

"தோக்குறதுக்கு ஏழு பேர் தாராளம்ணே."

"தோக்கலாம். ஆடாமத் தோக்கக் கூடாது."

அவன் சிரிப்பு நின்றது. "நாளைக்கு அங்க டாக்டர் பாக்குறாரு. இன்னிக்கு முட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு. அப்புறம் நானும் உன்கூட ஒக்காந்து மெஷினுக்கு எண்ணெய் விடணும்."

"விடலாம். ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு."

"யோசிக்கிறேன். இன்னிக்காவது கொஞ்சம் பிந்திப் பூட்டு. சாவி உன் பையிலதான இருக்கு?"

"நாலேகால். குளுஷ்கோவுக்கும் அதான், உனக்கும் அதான்."

"கல்லுய்யா நீ. அன்னிக்கு உனக்கு யாராவது திறந்திருந்தா?"

திரும்பி நடந்தேன். பனி முகத்தில் அறைந்தது.

அறை வாசலில் ஃபிரீடா அக்கா நின்றிருந்தாள். "வர்றானா?"

"தெரியாது."

"அவன் சட்டையையும் தேய்ச்சு மாட்டிட்டேன். வரலன்னா நானே போட்டுக்குறேன்."

"உன்ன கோல்ல நிறுத்தினா வட்டு போக வழியே இருக்காதுக்கா."

"போடா நாயே," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில்களோடு களத்துப் பக்கம் போனாள்.

உள்ளே ஏழு பேரும் காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டினார்கள். கேப்டன் என்னைப் பார்த்தார்.

வெளியே பேருந்து ஹாரன் அடித்துக் கிளம்பியது. சாவியைத் துளையில் நுழைத்தேன். திருப்பவில்லை.

வராந்தாக் கோடியில் யாரோ ஓடிவரும் சத்தம். ஒல்ஷாஸ். கழுத்தில் தொங்கிய பனிச்சறுக்குக் காலணிகள் நெஞ்சில் மோதி மோதி வந்தன. பெரிய பை இல்லை. அது பேருந்தோடு போயிருக்க வேண்டும்.

"யாராவது கவசம் குடுங்கடா," என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனான். மட்டைகள் தரையில் தட்டத் தொடங்கின, முதலில் ஒன்று, பிறகு ஏழும்.

கடிகாரம் என் தலைக்கு மேலேதான் இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தினேன், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.