தண்டவாளத்துக்குத் துரு நிறம்

பெர்சி ஆக்ராய்ட் பக்கக் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு நண்பர் க்ளெமின் தோட்டத்துக்குள் வந்தபோது ஒரு கையில் பழந்துணி அடைத்த பையும், இன்னொரு கையில் கடைவீதியில் வாங்கிய இறைச்சிப் பேஸ்ட்ரிகள் மூன்றும் இருந்தன. போய்வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் க்ளெம் முப்பது அடிக்குக் குறையாமல் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். ரோஜாப் பாத்தியை ஒட்டி, முழங்கால் உயர மரக்கால்களின் மேல் ஓடி, ஆப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தச் சிறிய ரயில்பாதையின் இரண்டு தண்டவாளங்களும் பசேலென்று இருந்தன. புல்லின் பச்சை. ஜூன் மாதத்து வெயிலில் ஈரமாக மின்னிய பச்சை.

பெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன குளிர்காலத்து உறைபனி பழைய பாதையைத் தூக்கி நெளித்துவிட்டதால் க்ளெம் பாதி வட்டத்துக்குப் புதுத் தண்டவாளம் வாங்கிப் போட்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தண்டவாளம் வெள்ளிக் கரண்டி மாதிரி பளபளக்கும். க்ளெமுக்கு அது ஆகாது. நிஜத் தண்டவாளம் எங்கே பளபளக்கிறது, சக்கரம் ஓடும் மேல்விளிம்பு மட்டும்தானே, பக்கமெல்லாம் துருதானே என்பார். அதனால் ஒரு வாரமாக இருவருக்கும் இதே வேலை. அடிப்பலகைக்குத் தார்த்தாள் ஒட்டினார்கள். மரக்கட்டைகளை மழை தாங்கும் எண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தார்கள். தண்டவாளத்தின் பக்கங்களுக்கு அடிப்பூச்சு பூசினார்கள். இன்றைக்குத் துரு நிறம். அது காய்வதற்குள் டர்பன்டைனில் நனைத்த துணியால் மேல்விளிம்பைத் துடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் இன்ஜினுக்கு மின்சாரம் ஏறாது. சனிக்கிழமை தேவாலயத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்ப்பார்கள். சாயங்காலம் மழை என்று வானொலி வேறு சொல்லியிருந்தது.

"ஏன்டா க்ளெம், தண்டவாளத்துல பாசி புடிச்சிருச்சா? சனிக்கிழம பாதிரியார் பாத்தா உனக்குன்னு தனியா ஒரு ஜெபம் வைப்பாரு."

க்ளெம் பழைய தலையணை ஒன்றின் மேல் முழங்கால் ஊன்றி, மூக்கு தண்டவாளத்தில் படுகிற மாதிரி குனிந்திருந்தார். நிமிரவில்லை. "வாயாடாம துணிய எடு. காய ஆரம்பிச்சிருச்சு. எப்படி இருக்கு சொல்லு, அச்சு அசல் துரு இல்ல? மழை விட்டதும் நம்ம ரயில் யார்டுல இருக்குமே, அதே நிறம்."

பெர்சி அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். க்ளெம் கிண்டல் செய்தால் மீசையின் இடது நுனி தானாகத் துடிக்கும். ஐம்பது வருடமாகப் பார்த்துப் பழகிய நுனி அது. இப்போது அது சும்மா இருந்தது. தூரிகை மட்டும் சீராக, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல், நேர்த்தியாகப் பச்சையைப் பூசிக்கொண்டு போனது.

சமையலறைக் கதவு திறந்து க்ளெமின் மனைவி மியூரியல் தேநீர்த் தட்டோடு வந்தார். படியில் இறங்கினார். தண்டவாளத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு பெர்சியின் முகத்தைப் பார்த்தார். தட்டைப் புல்லின் மேல் அவர் வைத்த வேகத்தில் ஒரு கோப்பை சாய்ந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

"டப்பாவ யாரு மாத்தி வச்சது?" என்றார் மியூரியல்.

'என்ன செய்து வைத்திருக்கிறாய்' என்று அவர் புருஷனைக் கேட்டிருந்தால் பெர்சி இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்.

"நான்தான்," என்றார் பெர்சி. "காலையில பெஞ்ச பெருக்கித் துடைச்சேன். உதவியா இருக்கட்டுமேன்னு."

கொட்டகைப் பெஞ்சில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒரே அளவு. ஈரத்தில் இரண்டின் காகிதமும் உரிந்து போயிருந்தது. துரு நிறம் எப்போதும் இடது பக்கம். ஸ்டேஷன் வேலிக்கான பச்சை வலது பக்கம். இத்தனை வருடம் அதைப் பார்த்தும் அப்படி ஓர் ஒழுங்கு இருப்பது பெர்சியின் கண்ணில் பட்டதில்லை. தூரிகை நின்றுவிட்டது. க்ளெம் தண்டவாளத்தைப் பார்த்தார், பெர்சியின் காலணியைப் பார்த்தார், மறுபடி தண்டவாளத்தைப் பார்த்தார். அவருடைய கழுத்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

பெர்சி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். இந்த மனிதர் ரயில் டிரைவர். பதினாறு வருடம் டிரைவர். அதில் பதினோரு வருடம் இதே மனிதர் ஓட்டிய ரயிலின் கடைசிப் பெட்டியில், கொடியும் விளக்கும் வைத்துக்கொண்டு கார்டாகப் போனவர் பெர்சி. முன்னால் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று ஒரு நாளும் அவர் கவலைப்பட்டதில்லை. அதைப் பார்க்கத்தான் முன்னால் ஆள் இருக்கிறாரே என்று அங்கே நிம்மதியாக உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறார்.

"கண்ணுல புரை விழுந்திருச்சா?" என்றார். அவரே அந்தப் பதிலை எடுத்து நீட்டினார். "நம்ம வயசுக்கு வர்றதுதான். டாக்டர்ட்ட காட்டினியா?"

மியூரியல் புருஷனைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. க்ளெம் தூரிகையை டப்பாவின் குறுக்கே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். ஆமாம் என்று சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"பொறந்ததுலேர்ந்து," என்றார்.

பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பி, அது நின்றுபோய், மறுபடி கிளப்பினார்கள்.

"அப்போ கண்ணு டெஸ்ட்டு? அந்தப் புள்ளிப் புள்ளியா நம்பர் இருக்குமே, அந்தப் பொஸ்தகம்?"

"மனப்பாடம். எத்தனாவது பக்கத்துல என்ன நம்பர்னு. டாக்டர் ஒருநாளும் வரிசைய மாத்தினதில்ல."

"யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

மியூரியல்தான் சொன்னார், மிக மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். "லைனல், பெர்சி."

லைனல் பெர்சியின் தம்பி. இறந்து நான்கு வருடம் ஆகிறது. க்ளெமின் ரயிலில் பக்கத்து இருக்கையில் பதினாறு வருடம் உதவி டிரைவராக உட்கார்ந்திருந்தவன். சின்ன டிப்போ என்பதால் ஜோடியை யாரும் பிரிக்கவில்லை. டிரைவர் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே தேறினான். வேலை வீடு தேடி வந்தது, வேண்டாம் என்றான். மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் வேண்டாம் என்றான். அவனைவிடச் சின்னப் பையன்கள் எல்லாம் டிரைவரானார்கள். அவனைக் குடும்பமே திட்டியது. அதிகம் திட்டியது பெர்சிதான். "கல்லறைக்குக் கூட நீ பக்கத்து சீட்லதான் போவ" என்று ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். லைனல் உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, "ஜன்னல் பக்கம்னா சரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"பகல்ல கஷ்டமில்ல," என்றார் க்ளெம். தரையைப் பார்த்தே பேசினார். "சிக்னல் கை தூக்கியிருக்கா எறங்கியிருக்கான்னு தெரிஞ்சுரும். ராத்திரியிலயும் மூடுபனியிலயும்தான். வெளக்கு மட்டும் தெரியும். லைனல் சொல்லுவான். ஒவ்வொண்ணா. இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி அவன் தொண்டையே போச்சு."

"அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னா?"

"எனக்கும் சரியில்லாம போகும்."

பெர்சி கண்ணை மூடிக்கொண்டார். 'ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு' என்று டிப்போ முழுக்க ஒரு கேலி உண்டு. ஒருவனுக்குச் சளி என்றால் மற்றவனும் விடுப்பு எடுப்பான். 'புருஷன் பொண்டாட்டி தும்முறாங்கப்பா' என்று முதலில் ஆரம்பித்து வைத்தவரே பெர்சிதான். அந்தக் கேலிக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. அவர் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் தம்பி கூடவே சிரித்திருக்கிறான்.

"ஒரு தடவகூட தப்பு நடக்கலியா?" என்று கேட்டார். இல்லை என்று வரும் என்றே நம்பிக் கேட்டார்.

"ஒரு தடவ."

"எப்போ?"

"உனக்குத் தெரியும். ஆடு."

பெர்சிக்குத் தெரிந்தது. கடற்கரைக்குப் போய்த் திரும்பிய உல்லாச ரயில். விடுமுறை நாள், அந்தி நேரம், மலையிடுக்கில் மூடுபனி. திடீரென்று பிரேக் விழுந்து பெட்டிகளெல்லாம் ஒன்றையொன்று முட்டி நின்றன. மேலே இருந்த பைகள் ஜனங்களின் தலையில் உருண்டன. பெர்சி முன்னால் ஓடியபோது இன்ஜின் ஜன்னலிலிருந்து க்ளெம் எட்டிப் பார்த்து, "பாதையில ஆடு, சொல்லிரு" என்றார். பெர்சி பெட்டி பெட்டியாகப் போய் ஆடு, ஒன்றுமில்லை, வெறும் ஆடு என்று எல்லோருக்கும் சொன்னார். நான்காவது பெட்டியில் அவருடைய மனைவி டோரீன் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை ஜேனட், மணல் வாளியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. "பாவம், ஆடு தப்பிச்சிருச்சா?" என்று டோரீன் கேட்டாள். தப்பித்துவிட்டது என்று அவளுக்கும் சொன்னார்.

"லைனல் தொப்பி கீழ விழுந்துருச்சுன்னு குனிஞ்சான்," என்றார் க்ளெம். "ரெண்டே செகண்டு. எனக்குப் பச்சைன்னு தோணிச்சு. நிமிந்தவன் போட்ட சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு. சிக்னலுக்கு ஒரு பெட்டி நீளம் இருந்தப்ப நின்னுச்சு. முன்னால சரக்கு வண்டி, அதோட பின்வெளக்கு தெரிஞ்சுது."

"டோரீன் இருந்தா அதுல. ஜேனட் இருந்தா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அடுத்த நாளும் போய் ஏறின?"

"ஏறினேன்." க்ளெமின் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் பெர்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு பிள்ளைங்க எனக்கு. வேற வேல தெரியாது. அதெல்லாம் சாக்குன்னு எனக்கும் தெரியும். அந்த மாசந்தான் லைனல் டிரைவராகப் போறதா இருந்துச்சு. போய்க் கையெழுத்துப் போடணும், அவ்ளோதான். போகல. ஏன்டான்னு கேட்டேன். எந்தப் பக்கம் உக்காந்தா என்ன, ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்குன்னான். அதுக்கப்புறம் அவன் ரயில்ல தொப்பியே போட்டதில்ல. இனிமே டிரைவர் தனியாத்தான், பக்கத்து சீட்ட எடுத்துரப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்த அன்னிக்கே நான் முதுகுவலின்னு எழுதிக் குடுத்துட்டு ரயில் பெட்டி கழுவப் போயிட்டேன். தனியா ஒருநாளும் ஓட்டல, பெர்சி. அதை மட்டும் நம்பு."

பெர்சி நம்பினார். அதுதான் அவரைத் திகைக்க வைத்தது. தேவாலயத்தில் முப்பது வருடமாக அன்பைப் பற்றிப் பேசிவருகிறவர் அவர். சின்னச் சின்ன உதவிகளால்தான் கர்த்தர் இந்த உலகத்தைத் தாங்கிப் பிடிக்கிறார் என்று மனதார நம்புகிறவர். போன ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தான் சொன்னார். தம்பி செய்தது உதவி இல்லாமல் என்ன? ஒரு நண்பனுக்காகத் தன் கண்ணைப் பதினாறு வருடம் கழற்றிக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்த உதவிக்குப் பின்னால் எட்டுப் பெட்டி நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துப் பார்த்தார். ஒன்றைத் தூக்கினால் மற்றது கூடவே வந்தது. லைனலின் அடக்கத்தன்று பிரசங்க மேடையில் ஏறி, "என் தம்பி பெரிய ஆசைகள் இல்லாதவன், கடவுள் சிலரைச் சிறிய இடத்துக்கென்றே படைக்கிறார்" என்று தான் பேசியது நினைவுக்கு வந்தது. இரண்டாவது வரிசையில் க்ளெம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். துக்கம் என்று பெர்சி அன்று நினைத்தார்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசினப்போ நீ எழுந்து சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் வாங்கியிருந்தான். உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு. நீ பொய் சொல்ல மாட்டியாம், கேட்டா சொல்லிருவியாம், அப்புறம் உனக்கு வாழ்நாள் பூரா வேதனையாம்."

பெர்சி எழுந்தார். பேஸ்ட்ரிப் பொட்டலத்தை மியூரியலின் கையில் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சூடா இருக்கு," என்றார். மியூரியல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "பெர்சி, கண்ணு, உக்காரு, இந்த நெலமையில நடக்காத" என்றார். அவர் நின்று கேட்கவில்லை. பக்கக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார்.

தேவாலயத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது பின்னால் யாரோ மூச்சிரைக்க வரும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. ரொட்டிக் கடை முனையில் சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றபோது அந்தச் சத்தமும் பக்கத்தில் வந்து நின்றது. க்ளெம் பெயின்ட் அப்பிய மேலங்கியோடு, வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். கையில் பெர்சியின் மூக்குக்கண்ணாடி. "பெஞ்சுல விட்டுட்ட," என்று நீட்டினார். பெர்சி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை.

இருவரும் நடைபாதையின் விளிம்பில் நின்றார்கள். லாரிகள் போயின. ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றாள். எதிரே கம்பத்தில் விளக்கு எரிந்தது. க்ளெமுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்தால் போதும். அது பெர்சிக்கும் தெரியும். ஆனாலும் க்ளெமின் செருப்பு நுனி விளிம்பைத் தாண்டி லேசாக முன்னால் நகர்ந்தபோது பெர்சியின் தொண்டையிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பது போல, தேவைக்கு மிகவும் அதிகமாக, கரகரப்பாக வந்தது.

"சிவப்பு!"

குழந்தை வண்டிக்காரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். க்ளெம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இருவரும் எதிரே பார்த்தபடி நின்றார்கள்.