ஒளியை முந்திய ஒலி

விடைத்தாள் திருத்தித் திருத்தி சுதபாவுக்குக் கண் எரிந்தது. ஆனாலும் ஆசிரியர் அறையிலேயே கணினியைத் திறந்தாள். கிருஷ்ணநகரில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. செத்துச் சுருங்கிய நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுவது, அவளையும் அதே துறையின் மூத்த ஆசிரியர் நிருபம் என்பவரையும் பிடித்த பைத்தியம். உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை. வெளியிலிருந்து தெரிகிற எடைக்கும் அளவுக்கும் ஒத்துவருகிற மாதிரி உள்ளே அழுத்தமும் அடர்த்தியும் அமைய வேண்டும், அவ்வளவுதான்.

அன்று எடை ஒத்துவந்தது, அளவும் ஒத்துவந்தது. கணக்குப்படி மையத்துக்கருகே மட்டும் ஒலி, ஒளியை முந்திக்கொண்டு ஓடியது. ஒளியை எதுவும் முந்த முடியாது; அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியாது.

"கட்டுரைல வரைபடத்தை மையத்துலேருந்து ஏன் ஆரம்பிக்கிற? ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆரம்பி," என்றார் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நிருபம். "எவன் உள்ள போய் எட்டிப் பாக்கப் போறான்?"

"நாமதான் பாத்துட்டோமே, நிருபம்-தா," என்றாள். அண்ணன் முறை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அம்மா தாயே, ரிட்டயர் ஆகறதுக்குள்ள நான் புரொஃபசர் ஆகணும். உன் சத்தியத்த அப்புறம் வெச்சுக்க."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

"என் பேரை எடுத்துடுங்க," என்றாள். மூன்று வருஷ உழைப்பை அந்த ஒரு வார்த்தையில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள், செருப்பைக்கூட ஓரமாக விடாமல் படுத்துவிட்டாள்.

கட்டுரை அவர் பெயரில் மட்டும் வெளியானது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அந்த ஊர்ப் பாலாடை இனிப்பான சர்புரியாவைக் கொடுத்துக்கொண்டு வந்தார். அவள் மேசைக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"கோபமா?"

"கோபப்பட எங்க நேரமிருக்கு? இனிப்பக் குடுங்க."

அவள் தின்றுகொண்டிருக்க, அவர் பார்வை திரையில் விழுந்தது. அதே நட்சத்திரம்தான். கோடு மையத்திலிருந்தே கிளம்பியிருந்தது.  அவர் இனிப்புப் பெட்டியை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மைய அடர்த்தியக் கொஞ்சம் கொறச்சுப் பாரேன்."

குறைத்தாள். ஒலி அடங்கி ஒளிக்குப் பின்னால் போயிற்று. ஆனால் நட்சத்திரத்துக்கு எடை போதவில்லை.

"சே!" என்றார்.

"முந்தாநாளே பாத்துட்டேன்," என்றாள் சுதபா. பிசுபிசுத்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அழுத்தத்துக்கான சமன்பாட்டை அழித்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.