பத்து லட்சத்து மூன்று நெல்மணிகள்

கரவெட்டியில் குணலட்சுமி வீட்டு விதைநெல் மூடையில் பத்து லட்சத்து மூன்று நெல்மணிகள் இருந்தன. கோழி கொத்தினாலும் எலி இழுத்தாலும் விடிந்து பார்த்தால் அதே பத்து லட்சத்து மூன்றுதான். யார் எண்ணினார்கள் என்று கேட்கிறீர்களா? வேலிக் கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நட்டதற்கே கோடு கச்சேரி என்று பத்து வருடம் வழக்குக்கு அலைகிற ஊர் இது. சண்டை என்று வந்தால் நெல் எண்ணவும் ஆள் வரும்.

குணலட்சுமியின் புருஷன் கதிரவேலு கண்ணை மூடியதும் மூத்தவன் மயூரதனும் இளையவன் கீர்த்திகனும் எல்லாவற்றையும் பிரிக்க நின்றார்கள். நடுவில் பிறந்த செந்தூரன் கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். "ரெண்டு பங்கு காணும், மூண்டு வேண்டாம்" என்றான் மயூரதன். அந்தச் சொல்லைக் கேட்டுக் குணலட்சுமி அழத் தொடங்கினாள். இரண்டு பங்கு என்றால் செந்தூரன் செத்துப்போனான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விதைநெல்லில் தொடங்கினார்கள். கொத்துப் படியால் அளந்தால் நம்பமாட்டோம், மணி மணியாய் எண்ண வேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். எண்ணிப் பிரித்ததில் ஒரு மணி மிஞ்சியது. விதைநெல்லை வீசி எறியக்கூடாது; தம்பி விட்டுக்கொடுப்பதை அண்ணன் வாங்கவும் மாட்டான். தாய் அழுகிறாளே என்று மூன்றாய்ப் பிரித்தார்கள். அப்போதும் ஒன்று மிஞ்சியது. கோயிலுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள், மூன்று மிஞ்சியது. இதற்குள் வானம் கறுத்துவிட்டது. விதைக்காவிட்டால் அந்த வருடமே போச்சு.

கீர்த்திகனின் மனைவி சாருஜா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அவள் மயூரதனிடம் சொன்னாள்: "உது பிரிபடாத எண், முதன்மை எண், அத்தான். எத்தினை பங்கு வைச்சாலும் மிஞ்சும். முழுசையும் ஒரு ஆளுக்குக் குடுக்கலாம். இல்லாட்டி பத்து லட்சத்து மூண்டு பேரைத் தேடிப்பிடிச்சு ஆளுக்கொரு மணி குடுக்க வேணும்."

குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அப்ப ஒரு ஆளுக்குக் குடுங்கோ. செந்தூரனுக்குக் குடுங்கோ."

அண்ணனும் தம்பியும் பிரித்த நெல்லை மறுபடி ஒரே மூடையில் கொட்டினார்கள். வயல் முழுவதையும் செந்தூரன் பேரில் ஒன்றாய் உழுது விதைத்தார்கள், மழையும் வந்தது. அறுவடை முடிந்து, விதைக்கென்று கண்மதிப்பில் ஒதுக்கியதைச் சாருஜா எண்ணச் செய்தாள். பத்து லட்சத்து மூன்று. அடுத்த வருடமும் அப்படியே. இப்போது யாரும் எண்ணுவதில்லை. சந்தையில் வெங்காய விலை விசாரிக்கிறவர்கள் அதே வாயால் குணலட்சுமியிடம், "செந்தூரன்ரை வயல் என்னமாதிரி?" என்று கேட்கிறார்கள்.

"ஓம், நல்லாய் நிக்குது" என்கிறாள்.